போகாமல் இருந்த நாலு வருஷம்

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

2017 மே மாதக் கடைசியில் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் ஒரு கால்பந்து பிளே-ஆஃப் இறுதி ஆட்டம் நடந்தது. பிளாக்பூல் ஒரு பக்கம், எக்ஸிடர் சிட்டி இன்னொரு பக்கம். ஜெயிக்கிற அணிக்கு அடுத்த சீசனில் மேல் டிவிஷன். பிளாக்பூல் 2-1 என்று ஜெயித்தது. சின்ன ஊர்களின் அணிகளுக்கு வெம்ப்ளி என்பது எப்போதோ ஒரு தடவை வருகிற திருவிழா. அப்படிப்பட்ட நாளில் ஊரே திரண்டு போயிருக்க வேண்டும். அதற்கு ஏழு வருஷம் முன்னால், 2010 மே மாதத்தில், இதே வெம்ப்ளியில் கார்டிஃப் அணியை 3-2 என்று வென்று, இங்கிலாந்தின் மிக உயர்ந்த டிவிஷனான பிரிமியர் லீகுக்குள் நுழைந்தபோது அப்படித்தான் போனார்கள். ஸ்டேடியத்தின் பாதி கமலா ஆரஞ்சு நிறமாக இருந்தது. அதுதான் அவர்கள் ஜெர்சியின் நிறம். 2017இல் போனவர்கள் சில ஆயிரம் பேர்தான். மற்றவர்கள் வேண்டுமென்றே போகவில்லை.

அணி பிடிக்காமல் போய்விட்டதா? இல்லை. உயிராக நினைத்தவர்கள்தான் வீட்டில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பிளாக்பூல் இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கிற ஊர். ஈஃபில் கோபுரத்தைப் பார்த்துக் கட்டிய ஒரு கோபுரம் கடலோரத்தில் நிற்கிறது. ஒரு காலத்தில் மில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து லீவைக் கழித்த ஊர். பிறகு ஜனங்கள் ஸ்பெயினுக்குப் பறக்க ஆரம்பித்தார்கள், ஊர் நொடித்துப்போனது. ஆனால் கால்பந்தில் அதற்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1953 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் போல்டனிடம் 1-3 என்று பின்தங்கி, கடைசியில் 4-3 என்று ஜெயித்தார்கள். அதை ஸ்டான்லி மாத்யூஸின் ஆட்டம் என்று உலகம் சொல்கிறது. ஆனால் அன்று மூன்று கோல் போட்டவர் இன்னொரு ஸ்டான்லி, ஸ்டான்லி மார்டென்சன். அணியின் சொந்த மைதானமான ப்ளூம்ஃபீல்ட் ரோடு ஸ்டேடியத்தின் வாசலில் அவருக்குச் சிலை இருக்கிறது. அந்தச் சிலையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

1980களின் கடைசியிலிருந்து கிளப் ஓவன் ஆய்ஸ்டன் என்ற தொழிலதிபரின் குடும்பத்திடம் இருந்தது. மகன் கார்ல் சேர்மன். 2010இல் பிரிமியர் லீகுக்குப் போனதும், அந்த ஊர் கனவிலும் பார்க்காத பணம் வந்தது. அந்த லீகிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்கிய ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு, இயன் ஹாலோவே என்ற பயிற்சியாளர் ஒரு சீசன் முழுக்கப் பயமில்லாமல் ஆட வைத்தார். 39 புள்ளி எடுத்தும் கடைசி நாளில் கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டியதாயிற்று. இறங்கினதில் அவமானம் ஒன்றுமில்லை. வந்த பணம் எங்கே என்பதுதான் கேள்வி. பயிற்சி மைதானம் பழைய கோலத்திலேயே கிடந்தது. அதே சீசனில் ஓவன் ஆய்ஸ்டனின் கம்பெனி ஒன்றுக்கு, அவர் இயக்குநராக இருந்ததற்கான ஊதியம் என்று 1.1 கோடி பவுண்டு போயிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்று நாம் சொல்வோமே, அதைக் கணக்கு ஏட்டிலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

2014 கோடையில் நிலைமை முற்றியது. சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது ஒப்பந்தத்தில் இருந்த ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். கோல்கீப்பர் ஒருவர்கூடக் கிடையாது. அவசர அவசரமாக ஆள் பிடித்து ஆடி, 46 ஆட்டத்தில் நாலே நாலு வெற்றியோடு கடைசி இடத்தில் முடித்தார்கள்.

அந்தச் சீசனின் கடைசி ஆட்டம் 2015 மே 2ஆம் தேதி, ஹடர்ஸ்ஃபீல்டுக்கு எதிராக. ரசிகர்கள் ஊர்வலமாக வந்து மார்டென்சன் சிலையடியில் கூடுவதாக இருந்தது. வந்து பார்த்தால் பீடம் மட்டும் இருக்கிறது. கிளப் நிர்வாகம் சிலையைக் கழற்றி எடுத்துப் போயிருந்தது. எனக்கு இந்த இடம்தான் இன்றும் ஆறவில்லை. பணத்தை எடுத்தீர்கள், சரி, அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. தாத்தா பேரனைக் கூட்டிவந்து காட்டிய சிலையை எதில் கணக்கு வைப்பது? கோயில் சாவி தர்மகர்த்தாவின் இடுப்பில் இருக்கலாம். அதனால் சாமி அவர் வீட்டுச் சாமி ஆகிவிடாது.

ஆட்டம் தொடங்கி 48ஆவது நிமிஷத்தில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். நடு வட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள். நடக்க முடியாத ஒருவர் தன் மின்சார ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு புல்தரைக்கு வந்துவிட்டார். ஆட்டம் அதோடு நின்றது. 0-0 என்ற ஸ்கோரே முடிவாக நின்றது. டிவியில் இதைக் காட்டும்போது கலவரம் என்ற வார்த்தை சுலபமாக வந்துவிடும். படத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். தாங்கள் நேசித்த புல்லின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம்தான் கடினமான பகுதி. "இனி ஒரு பென்னிகூடத் தரமாட்டோம்" என்று ஒரு முழக்கம் பிறந்தது. சொந்த மைதானத்து டிக்கெட் வாங்குவதில்லை. ஜெர்சி, ஸ்கார்ஃப் வாங்குவதில்லை. உள்ளே ஒரு டீகூடக் குடிப்பதில்லை. பலர் வெளியூர் ஆட்டங்களுக்கு மட்டும் போனார்கள். லீக் ஆட்டத்தில் வாசல் வசூல் அந்த ஊர்க் கிளப்புக்குத்தான் போகும், ஆய்ஸ்டன் கைக்கு வராது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்! தன் அணியைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டர் போகலாம், ஆனால் பக்கத்துத் தெருவில் ஆடினால் பார்க்கக் கூடாது.

பிரிமியர் லீக் சீசனில் ப்ளூம்ஃபீல்ட் ரோடுக்குச் சராசரியாகப் பதினைந்தாயிரத்துக்கும் மேல் வந்தார்கள். 2017-18இல் அது நாலாயிரத்துச் சொச்சமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி ஆகும்போது மைதானத்துப் பக்கம் போகாமல் இருப்பது என்றால் என்ன என்று யோசியுங்கள். அப்பாவோடு போய், அப்பா போனபிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள். எட்டு வயசுப் பையனுக்குப் பன்னிரண்டு வயசாகிவிடும். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் லிவர்பூல், மான்செஸ்டர் என்று பேசும்போது அவனுக்குச் சொல்ல ஒரு ஆட்டமும் இருக்காது. வயதானவர்களுக்கு அந்த நாலு வருஷம் திரும்பி வராது.

போனவர்களும் இருந்தார்கள். "என்ன ஆனாலும் என் பையன்கள் ஆடுகிறார்கள், தனியாக விட மாட்டேன்" என்பது அவர்கள் பக்கத்து நியாயம். இதனால் பழகியவர்களுக்குள்ளேயே பேச்சு நின்றது. நான் போகாதவர்கள் பக்கம்தான். ஆனாலும் போனவர்களைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதற்கு நடுவே வழக்குகள் வேறு. இணையத்தில் எழுதிய வார்த்தைக்காக ரசிகர்கள் மேலேயே உரிமையாளர் குடும்பம் அவதூறு வழக்குப் போட்டது. ஓய்வூதியம் வாங்கும் ஒரு பெரியவர் மன்னிப்புக் கேட்டு 20,000 பவுண்டு கட்ட வேண்டி வந்தது. அந்தத் தொகையை ரசிகர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள். வேறு கிளப்புகளின் ரசிகர்களும் அதில் காசு போட்டார்கள்.

இங்கே கொஞ்சம் விலகி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். போகாமல் இருப்பதும், வாய் திறக்காமல் இருப்பதும் ஏன் உரிமையாளரை அசைக்கிறது? 2016 பிப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் புது ஸ்டாண்டில் மிக உயர்ந்த டிக்கெட் விலையை 77 பவுண்டு ஆக்குவதாகச் சொன்னது. சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில், சரியாக 77ஆவது நிமிஷத்தில் சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை. அவர்கள் போனபிறகு இரண்டு கோல் வாங்கி ஆட்டம் சமனில் முடிந்தது. நாலு நாளில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு விலை உயர்வை வாபஸ் வாங்கினார்கள். ஜெர்மனியில் 2023 டிசம்பரில், லீகின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளருக்கு விற்பதற்குக் கிளப்புகள் ஓட்டுப் போட்டன. 36 ஓட்டில் 24 வேண்டும், சரியாக 24 விழுந்தது. அங்கே கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று '50+1' விதி இருக்கிறது. ரசிகன் அங்கே வெறும் வாடிக்கையாளன் இல்லை, அதனால் கோபமும் பெரிதாக வந்தது. ஆட்டம் தொடங்கி முதல் 12 நிமிஷம் கேலரியில் சத்தமே இல்லை. பிறகு டென்னிஸ் பந்துகள் மழையாக விழுந்தன. 2024 பிப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

டிவிக்காரர்கள் பணம் கொடுப்பது இருபத்திரண்டு பேர் ஓடுவதற்கு மட்டும் இல்லை. அந்த இரைச்சலுக்கும், பாட்டுக்கும், நிறைந்த கேலரிக்கும் சேர்த்துத்தான். அதைத் தருகிறவன் ரசிகன். அவன் நிறுத்தினால் விற்பதற்குச் சரக்கு இல்லை. தேர் நிற்கிறது, வடம் பிடிக்க ஆளில்லை.

பிளாக்பூலில் வெறும் பகிஷ்காரமே ஆய்ஸ்டனை இறக்கிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அது பொய்யாகிவிடும். இறக்கியது ஒரு வழக்கு. லாட்வியா நாட்டு வங்கியாளர் வலேரி பெலோகான் 2006இல் கிளப்பில் முதலீடு செய்திருந்தார். சிறுபான்மைப் பங்குதாரரான தன்னை ஏமாற்றிவிட்டதாக அவர் கோர்ட்டுக்குப் போனார். 2017 நவம்பரில் லண்டன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிளப்பிலிருந்து 2.677 கோடி பவுண்டு முறையில்லாமல் உருவப்பட்டிருக்கிறது, பெலோகானுக்கு 3.127 கோடி பவுண்டு கொடுக்க வேண்டும் என்றார் நீதிபதி. ரசிகர்கள் தெருவில் நின்று கத்தியதும், கம்பெனிக் கணக்குகளைத் தோண்டி எடுத்துப் பேசியதும் வீண்பழி இல்லை என்று ஆனது. ஆய்ஸ்டன் முழுத் தொகையைக் கட்டவில்லை. 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் ஒரு பொறுப்பாளரை நியமித்தது, அதே மாதத்தில் ஆய்ஸ்டன் போர்டிலிருந்து நீக்கப்பட்டார்.

வழக்கு நடந்த வருஷங்களில் கேலரி நிறைந்து இருந்திருந்தால், ஊருக்கு இதில் ஒரு குறையும் இல்லையே என்று அவர்கள் சுலபமாகச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்ல விடாமல் செய்தது அந்தக் காலி நாற்காலிகள். பின்னால் 2025இல் பிரிட்டனில் கால்பந்துக்கென்று ஒரு சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பை உண்டாக்கிச் சட்டமே வந்தது. அதற்குப் பெரிய கிளப்புகள் தனியாகப் பிரிந்து தொடங்கப் பார்த்த ஐரோப்பிய சூப்பர் லீக் விவகாரம் உட்படப் பல காரணங்கள் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. சவுத்எண்ட் அணிக்கு எதிராக ஆட்டம். அன்றுதான் திரும்பி வருவது என்று முடிவு. அதற்கு முந்தின நாட்களில் ரசிகர்கள் தாங்களாகவே மைதானத்துக்கு வந்து சுத்தம் செய்தார்கள். ஆள் உட்காராத நாற்காலிகளில் கடற்காற்று கொண்டுவந்த அழுக்கு படிந்து கிடந்தது. சம்பளம் கிடையாது. நாலு வருஷமாக ஒரு பென்னி தரமாட்டோம் என்று சொன்ன அதே கைகள், வாளியும் பிரஷ்ஷுமாகத் தங்கள் நாற்காலியைத் தாங்களே தேய்த்துக் கழுவின.

அன்று வந்தவர்கள் 15,871 பேர். வாசலைத் தாண்டிப் படியேறி, பச்சைப் புல் கண்ணில் பட்டதும் அழுத பெரிய மனிதர்கள் உண்டு. ஸ்கார்ஃபால் முகத்தை மூடிக்கொண்டார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் இருக்கிறாரா, இல்லையா என்று தேடிக்கொண்டார்கள்.

ஆட்டத்தில் பிளாக்பூல் ஜெயிக்கவில்லை. 1-2 என்று தோற்கப்போகிற நேரம், 90 நிமிஷம் முடிந்து கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது ஒரு தலை முட்டி பந்து உள்ளே போனது. 2-2.

அந்தக் கோலின் படம் இணையத்தில் கிடைக்கிறது. வீட்டுக்குப் போனதும் தேடிப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சத்தத்தை மட்டும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.