பின் ரூமுக்கு வைஃபை வரலையா? எக்ஸ்டெண்டரை எங்க சொருகணும்?

[காட்சி: ஹால். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ரௌட்டர், பச்சை விளக்குகள் மினுங்குகின்றன. கேமரா மெதுவாக நடையைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, கடைசி அறைக்குப் போகிறது.]

வணக்கம். எங்க வீட்டுல ராத்திரி 8 மணி ஆனா தம்பி வெளியூர்லருந்து வீடியோ கால் பண்ணுவான். அம்மா பின் ரூம் கட்டில்ல உட்கார்ந்து எடுத்தா, ரெண்டு வார்த்தை வரும், அப்புறம் அவன் முகம் அப்படியே நின்னுடும். முட்டி வலியோட எழுந்து ஹாலுக்கு வந்து, டிவி பக்கத்துல நின்னுக்கிட்டே பேசி முடிப்பாங்க. அதைப் பார்க்க முடியாமத்தான், ரௌட்டரோட வைஃபையை வாங்கி அடுத்த ரூமுக்குக் கடத்துற எக்ஸ்டெண்டர் வாங்கினேன். வாங்கிட்டு வந்து நேரா அம்மா ரூம்லயே சொருகினேன். போன்ல எல்லாக் கோடும் நிறைஞ்சு காட்டுச்சு. கால் மட்டும் பழையபடி நின்னு நின்னுதான் போச்சு.

அந்தக் கோடு எதைச் சொல்லுதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது. அது உங்க போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவுல இருக்கிற பலம். எக்ஸ்டெண்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவுல என்ன கதின்னு அது சொல்லாது. எக்ஸ்டெண்டர் தானா இன்டர்நெட் உண்டாக்காது. தன் கைக்கு வந்ததை அடுத்த கைக்குத் தரும், அவ்வளவுதான். சிக்னல் செத்த ரூம்ல அதை வெச்சா, அது எதைத் தரும்?

[காட்சி: கட்டட வேலை நடக்கும் இடம். மூன்று பேர் வரிசையாக நின்று செங்கல்லைக் கை மாற்றுகிறார்கள். நடுவில் இருப்பவர்மேல் கேமரா நிற்கிறது.]

கட்டட வேலையில செங்கல் கை மாத்துறதைப் பார்த்திருப்பீங்க. நடுவுல நிக்கிறவர் ஒரு கல்லைப் பிடிக்கிற நேரத்துல இன்னொண்ணை வீச முடியாது. பிடிக்கணும், அப்புறம் வீசணும். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசையில ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள சாதாரண எக்ஸ்டெண்டரும் அப்படித்தான்: ஒரே அலைவரிசையில வாங்கி, அதே அலைவரிசையில திருப்பி அனுப்பணும். அதனால வேகம் பாதியாவோ அதுக்கும் கீழயோ போகும். டூயல் பேண்ட் எக்ஸ்டெண்டர் ரௌட்டர்கிட்ட 5 கிகாஹெர்ட்ஸ்ல வாங்கி, போனுக்கு 2.4-ல கொடுக்க முடியும். கொஞ்சம் கூடுதல் விலை ஆனாலும் அதையே வாங்குங்கன்னு சொல்வேன். வேகம் பாதியாகுதேன்னு பயப்படவும் வேணாம். வீடியோ காலுக்கு 3, 4 எம்பிபிஎஸ் தடங்கல் இல்லாம வந்தா போதும்.

[காட்சி: சுவரின் குறுக்குவெட்டுப் படம். அலை உள்ளே நுழைந்து மெலிந்து வெளியே வருகிறது.]

நம்ம வீட்டுச் சுவர் 9 இஞ்ச் செங்கல். மேல கம்பி கட்டின கான்கிரீட் தளம். நடுவுல ஒரு ஸ்டீல் பீரோ. இது மூணும் சிக்னலைத் தின்னும், பீரோவோட இரும்பு ரொம்பவே மோசம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா இருக்கும், ஆனா சுவரைத் தாண்டுறப்போ சீக்கிரம் களைச்சுடும். 2.4 மெதுவா போனாலும் தூரம் போகும்.

அதனால, காசு செலவு பண்றதுக்கு முன்னாடி, ரௌட்டரை டிவிக்குப் பின்னாலருந்து வெளியே எடுத்து, தலைக்கு மேல உயரத்துல, நடைப் பக்கமா வெச்சுப் பாருங்க. சின்ன வீடா இருந்தா அதுலயே சரியாகிடலாம். ஃபைபர் கேபிளை மட்டும் இழுத்து மடக்கிடாதீங்க, உள்ள இருக்கிறது கண்ணாடி இழை. கனெக்ஷன் கொடுத்தவங்களையே கூப்பிட்டு மாத்தச் சொல்லுங்க.

[காட்சி: போன் திரை. வைஃபை அனலைசர் செயலியில் எண் மாறிக்கொண்டே இருக்கிறது.]

அப்பவும் சரியாகலையா? ஆண்ட்ராய்டு போன்ல ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டுட்டு, ரௌட்டர் பக்கத்துலருந்து நடங்க. மைனஸ்ல ஒரு எண் வரும். -50ன்னா அருமை. -67 வரைக்கும் நல்லாவே வேலை செய்யும். -80ன்னா வேலைக்கு ஆகாது. மைனஸுக்கு அப்புறம் வர்ற எண் 3 கூடினா பலம் பாதின்னு கணக்கு. அப்போ -67க்கும் -80க்கும் நடுவுல பலம் 20ல ஒரு பங்காகிடுது. சின்ன எண் வித்தியாசம்னு விட்டுடாதீங்க.

-60லருந்து -67க்குள்ள காட்டுற ஒரு பிளக் பாயிண்ட்தான் எக்ஸ்டெண்டருக்கு இடம். எங்க வீட்டுல அது சமையலறை வாசல் ஸ்விட்ச் போர்டு. மைக்ரோவேவ் அவன் பக்கத்துல வேணாம், அது ஓடுறப்போ 2.4-ஐக் கலைக்கும். பிரிட்ஜ் மறைவும் வேணாம்.

இணைக்கிறது சுலபம். ரௌட்டர்ல டபிள்யூபிஎஸ் (WPS) பட்டனை, அதாவது பாஸ்வேர்டு போடாமலே இணைக்கிற பட்டனை, அழுத்தி, 2 நிமிஷத்துக்குள்ள எக்ஸ்டெண்டர்ல அதே பட்டனை அழுத்துங்க. அந்தப் பட்டன் இல்லைன்னா, எக்ஸ்டெண்டரோட வைஃபையில போனைச் சேர்த்து, அதுமேல ஒட்டியிருக்கிற முகவரியை பிரவுசர்ல போட்டா வழி காட்டும். சிக்னல் விளக்கு சிவப்பா எரிஞ்சா, ரௌட்டர் பக்கமா ஒரு பிளக் பின்னால வாங்க.

மாடி வீட்டுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கான்கிரீட் தளத்தோட மல்லுக்கட்டாதீங்க. படிக்கட்டு வழியா ஒரு லேன் கேபிள் மேல கொண்டுபோங்க, 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். நிறைய எக்ஸ்டெண்டர்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடு இருக்கு, அதாவது கேபிள்ல வாங்கி வைஃபையா கொடுக்கிற முறை. அதுல போட்டு கேபிளைச் சொருகினா, செங்கல் கை மாத்துற பிரச்சினையே கிடையாது.

[காட்சி: ஸ்விட்ச் போர்டு. கரண்ட் போகிறது. ரௌட்டர் எரிகிறது, எக்ஸ்டெண்டர் அணைகிறது.]

இன்னொண்ணு, யாரும் சொல்றதில்லை. நிறைய வீட்டுல இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் போகும். கரண்ட் போனா, ரௌட்டர் இன்வெர்ட்டர்ல ஓடினாலும் எக்ஸ்டெண்டர் நின்னுடும். அந்த பிளக் இன்வெர்ட்டர்ல இருக்கான்னு மெயினை ஆஃப் பண்ணிப் பாருங்க. எங்க வீட்டுல இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்தினோம், ஸ்விட்ச் மேல "அணைக்காதே"ன்னு ஒரு துண்டு பேப்பரும் ஒட்டினோம்.

[காட்சி: கடிகாரம் 8 மணி. பின் ரூம். அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். போன் அடிக்கிறது.]

"சாப்பிட்டியாப்பா?"