ஒபாமாவின் காலி நாற்காலியும் ஒரு கவர்னரின் போனும்

2008 டிசம்பர் 9, விடியற்காலை. சிகாகோவில் ஒரு வீட்டில் போன் அடிக்கிறது. எடுத்தவர் அமெரிக்காவின் இல்லினாய் மாநில கவர்னர் ராட் பிளகோயெவிச். (அங்கே கவர்னர் என்றால், நம்மூர் முதலமைச்சர் மாதிரி, மக்கள் ஓட்டில் ஜெயித்து மாநிலத்தை ஆள்பவர்.) மறுமுனையில் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி. எங்கள் ஆட்கள் உங்கள் வாசலில் நிற்கிறார்கள், உங்களைக் கைது செய்ய வாரண்ட் இருக்கிறது என்கிறார். கவர்னர் கேட்டாராம்: "இதென்ன, விளையாட்டா?"

கொஞ்சம் பின்னால் போவோம். இவருடைய அப்பா, செர்பியாவிலிருந்து வந்து இரும்பாலையில் வேலை பார்த்தவர். மாமனார் ரிச்சர்ட் மெல், சிகாகோ மாநகராட்சியில் பெரிய கை. மருமகனுக்கு அரசியலில் வழி போட்டுக் கொடுத்ததே அவர்தான். 2002-இல், முந்தைய கவர்னர் ஜார்ஜ் ரயன் ஊழல் புகாரில் நாறிக் கிடந்த நேரத்தில், 'நான் சுத்தம் செய்கிறேன்' என்று ஓட்டுக் கேட்டு ஜெயித்தார். குழந்தைகளுக்கு மருத்துவக் காப்பீடு, முதியவர்களுக்கு இலவசப் பேருந்து என்று உருப்படியாகவும் சிலது செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வந்தது 2008 நவம்பர். ஒபாமா ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததும், இல்லினாய் சார்பில் அமெரிக்க செனட்டில், அதாவது நாட்டின் மேலவையில், அவர் வகித்த இடம் காலியானது. அதில் யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் கவர்னருக்கு. அவருடைய போனை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்பது தெரியாமல் அவர் பேசிய பேச்சில், கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்: "என் கையில இருக்கிறது தங்கம். சும்மா தூக்கிக் கொடுத்துட மாட்டேன்."

பதிலுக்கு அமைச்சர் பதவி கிடைக்குமா, மனைவிக்கு நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்குமா, தேர்தல் நிதி வருமா என்று கணக்குப் போட்டிருக்கிறார். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக வேண்டிய மாநிலப் பணத்தை வைத்துக்கொண்டு, அதன் தலைவரிடம் 50,000 டாலர் நன்கொடை கறக்கப் பார்த்த வழக்கு.

2009 ஜனவரியில் இல்லினாய் மாநிலத்தின் சொந்த மேலவையான மாநில செனட் 59-க்கு 0 என்று அவரைப் பதவியிலிருந்து தூக்கியது. 2010-இல் நடந்த முதல் விசாரணையில் 24 குற்றச்சாட்டுகளில் ஒன்றுதான் நிரூபணமானது. மறுவிசாரணையில் 17. தண்டனை 14 வருடம்.

இங்கே ஒரு சுவாரசியமான சட்டப் புள்ளி இருக்கிறது. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிரூபணமான குற்றச்சாட்டுகளில் ஐந்தை ரத்து செய்தது. அது சொன்ன காரணம்: ஒரு பதவியைக் கொடுத்து இன்னொரு பதவியைக் கேட்பது அரசியலில் சகஜமான கொடுக்கல் வாங்கல். பணம் கேட்டால்தான் குற்றம். பிளகோயெவிச் முதலிலிருந்தே 'நான் செய்தது வெறும் அரசியல்' என்றுதான் சொல்லிவந்தார். பாதி சரி! ஆனால் பணம் கேட்ட பாதி அப்படியே நின்றது. தண்டனையும் குறையவில்லை.

2010-இல் டிரம்ப் தன் டிவி நிகழ்ச்சியில் "யூ ஆர் ஃபயர்ட்" சொல்லி வெளியேற்றிய போட்டியாளர்களில் இவரும் ஒருவர். அதே டிரம்ப் 2020-இல் தண்டனையைக் குறைத்துச் சிறையிலிருந்து வெளியே விட்டார். 2025 பிப்ரவரியில் முழு மன்னிப்பும் கொடுத்தார். ஆனால் இல்லினாயில் இனி எந்தப் பதவிக்கும் வரக்கூடாது என்று 2009-இல் அதே 59 பேர் போட்ட தடை, மாநிலம் போட்டது. ஜனாதிபதியின் மன்னிப்பு அதைத் தொடாது.