துருசும் நீர்மட்டமும்: சத்திரசிகிச்சைக்குப் பின் பிள்ளையின் இதயத் தசை

தாய்மாரே, தகப்பன்மாரே, குடும்பநல உத்தியோகத்தர்களே,

இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகம் செய்பவர்களுக்கு இது புதிதல்ல. குளத்தின் மதகான துருசைத் திறந்தால் மட்டும் நீர் வராது. குளத்தில் மட்டம் இருக்க வேண்டும், வாய்க்கால் அடைபடாமல் இருக்க வேண்டும், திறந்திருக்கும் நேரம் போதவேண்டும். ஒன்று குறைந்தாலும் முதலில் காய்வது கடைசி வயல். இதயத் தசைக்குக் குருதி போவதும் இப்படித்தான்.

பெருநாடியின் அடியில், இதயத் தசைக்கே குருதி கொண்டுபோகும் இரண்டு முடியுரு நாடிகள் புறப்படுகின்றன. இடது இதயவறை சுருங்கும்போது தன் தசைக்குள் போகும் நாடிகளைத் தானே நெரிக்கிறது. ஆகவே அதன் தசைக்குப் பெரும்பாலான குருதி, இதயம் தளரும் நேரத்தில்தான் போகிறது. நிமிடத்துக்கு 120 துடிப்பென்றால் ஒரு துடிப்புக்கு 500 மில்லிசெக்கன். 180 ஆனால் 333. சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை, தளரும் நேரமே பறிபோகிறது. காய்ச்சலில் நாடித்துடிப்பு ஏறுவதை நாம் அஞ்சுவது இதனால்தான்.

நீர்மட்டம் என்பது இரத்த அழுத்தத்தின் கீழ் எண். 90/55 உள்ள பிள்ளையின் இதயவறைக்குள் தளரும்போது அழுத்தம் 10 இருந்தால், தசைக்குக் கிடைக்கும் தள்ளுவிசை 45. நுரையீரலுக்குக் குருதி போதாத நீலக் குழந்தைக்குச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி வழி செய்கிறார்கள், ஷன்ட் என்பார்கள். அது அணைக்கட்டில் வெட்டிய வாய் போன்றது. தளரும் நேரத்திலும் பெருநாடிக் குருதி அதனூடாக ஓடுவதால் அழுத்தம் 80/30 ஆகலாம். அப்போது தள்ளுவிசை 20 தான். குழாய் அளவுக்கு மிஞ்சிப் பெரிதானால் நுரையீரல் நிரம்பும், இதயத் தசை பட்டினி கிடக்கும். பெருநாடியையும் நுரையீரல் நாடியையும் இணைத்தபடி, பிறந்த பின்னும் மூடாமல் நிற்கும் பீ.டீ.ஏ. குழாயைக் கட்டும்போது நடப்பது இதற்கு நேரெதிர்: கீழ் எண் உடனே உயரும்.

சத்திரசிகிச்சையின்போது பெருநாடியைக் கவ்வியால் இறுக்கி, பொற்றாசியம் கலந்த குளிர்ந்த கரைசலை முடியுரு நாடிகளுக்குள் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். குருதி கலந்த கரைசலென்றால் பொதுவாக 20 – 30 நிமிடங்களுக்கொரு முறை திரும்பக் கொடுக்க வேண்டும். கவ்வியை எடுத்ததும் குருதி வழக்கத்தைவிட அதிகமாகப் பாயும். பார்க்க நல்லதாகத் தெரியும். ஆனால் நாளங்கள் ஏற்கெனவே விரிந்துவிட்டதால், மேலும் தேவைப்பட்டால் விரிய இடம் குறைவு. இதயத் தசை ஓய்விலேயே தனக்கு வரும் ஒட்சிசனில் ஏறத்தாழ 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. அதிலும் மிச்சமில்லை. எனவே முதல் நாளில் காய்ச்சல், வேகத் துடிப்பு, குருதிக்குறைவு மூன்றையும் விடாமல் கவனிப்பார்கள்.

பிள்ளை மல்லாந்து கிடக்கையில் வலது முடியுரு நாடியின் வாய் மேல்நோக்கி இருக்கும். இதயத்துக்குள் மிஞ்சிய காற்றுக் குமிழி மிதந்து அதற்குள்தான் போகும். வலது அறை சோர்ந்து, ஈ.சி.ஜி. கோடு மாறும். அழுத்தத்தை உயர்த்தி, இதயத்துக்குப் பதிலாகக் குருதியைச் சுற்றவைக்கும் இயந்திரத்தின் துணையோடு சற்றுப் பொறுத்தால் பெரும்பாலும் குமிழி கடந்துபோய்விடும்.

மிக நுண்ணியது, பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம்மாறிப் பிறந்த குழந்தைக்குச் செய்யும் மாற்றுச் சத்திரசிகிச்சை. முதல் சில வாரங்களுக்குள் செய்வார்கள். முடியுரு நாடியின் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு, நாற்றை மண்ணோடு பெயர்ப்பதுபோல வெட்டியெடுத்துப் புதிய பெருநாடியில் தைக்க வேண்டும். நாடியின் விட்டமோ ஒரு மில்லிமீற்றரை ஒட்டியது. இதயம் வெறுமையாகக் கிடக்கையில் நேராகத் தெரிந்த நாடி, இதயம் நிரம்பியதும் இழுபடலாம், முறுகலாம், நசுங்கலாம். ஈ.சி.ஜி. மாறி, எக்கோ ஸ்கானில் இதயச் சுவரின் ஒரு பகுதி அசையாமல் நின்றால், மருந்தை ஏற்றிக்கொண்டு காத்திருப்பது பிழை. திரும்ப இயந்திரத்தில் இணைத்துத் தையலைத் திருத்த வேண்டும்.

இனி வீடு. கொழும்பு சிறுவர் வைத்தியசாலை கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். எனவே அறிகுறியை முதலில் காண்பவர் நீங்கள்தான். இரண்டு வாய் பால் உறிஞ்சிவிட்டு நிறுத்துகிறது, நெற்றி வியர்த்து நனைகிறது, முகம் சாம்பல் பூத்து வெளிறுகிறது, அழுகை முனகலாகிறது: இதைச் செமியாமை என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே போங்கள்.

ஷன்ட் வைத்த பிள்ளைக்கு வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். நீர் வற்றினால் குருதி தடித்துக் குழாய் அடைபடும். வன்னி வெயிலில் அது விரைவாக நடக்கும். அஸ்பிரின் எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், டெங்குவாகவும் இருக்கலாம். நீங்களாக அஸ்பிரினை நிறுத்தவும் கூடாது, பேசாமல் தொடரவும் கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் கேளுங்கள். இபுப்ரோபன் வேண்டாம்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சத்திரசிகிச்சையின் பெயரையும், பிள்ளைக்கு வழக்கமாக இருக்கும் ஒட்சிசன் அளவையும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். ஷன்ட் பிள்ளைக்கு 75 முதல் 85 சதவீதம் வரை வழக்கமாக இருக்கலாம். இரவுக் கடமையில் புதிதாகப் பார்க்கும் வைத்தியருக்கு அந்த ஒரு வரி இல்லாவிட்டால், 80 என்பது விழுந்த எண்ணா, வழமையான எண்ணா என்று தெரியாது.