காய்ச்சல் கணக்கை யார் பார்க்கிறார்கள்?

அனைவருக்கும் வணக்கம். கொள்ளைநோய் வந்தால் மாநில அரசு என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். வந்தபிறகு செய்வதையெல்லாம் 2020-லும் 2021-லும் டிவியில் வேண்டிய அளவு பார்த்துவிட்டோம். அதனால் வருவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைப் பேசுகிறேன்.

பொறுப்பு யாருடையது என்பதை முதலில் முடித்துவிடுவோம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்று போகாமல் தடுப்பது பொதுப்பட்டியல். துறைமுகத்தில் தனிமைப்படுத்துவது ஒன்றிய அரசின் வேலை. நோய் எந்த வழியாக வந்தாலும் நோயாளி படுக்கப்போவது பெரும்பாலும் மாநில அரசின் கட்டிலில்தான்.

கையில் இருக்கும் சட்டம் 1897-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளைக்காரர்கள் அவசரமாகப் போட்டது. அன்று போட்ட வாசகம் ஒரு தாளில் அடங்கிவிடும். அரசு எந்த உத்தரவும் போடலாம், மீறினால் தண்டனை, உத்தரவை நிறைவேற்றிய அதிகாரி மீது வழக்கு கிடையாது. ஆய்வகம் வேண்டும், ஆள் வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

இந்த விஷயத்தில் நம்மவர்கள் கொஞ்சம் முன்யோசனையோடு இருந்தார்கள் என்று சொல்லலாம். 1939-இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. குடிநீர், சாக்கடை, கொசு, சந்தை, திருவிழாக் கூட்டம் வரை அதில் உண்டு. தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் தகவல் சொல்லியே ஆகவேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், மருத்துவமனை நிர்வாகத்தோடு சேர்க்காமல் பொதுச் சுகாதாரத்துக்கென்று நமக்குத் தனி இயக்குநரகம் இருப்பது. சிகிச்சை பார்க்கும் டாக்டரிடமே தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கச் சொன்னால், வாசலில் நிற்கும் நோயாளிதான் முதலில் கண்ணில் படுவார். தொட்டி அப்புறம்தான். அந்த ‘அப்புறம்’ வரவே வராது.

அதன் பலனை 2004 சுனாமியில் பார்த்தோம். நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். முகாம்களில் கூட்டம், உடைந்த குழாய், ஊரெங்கும் சடலம். காலரா நிச்சயம் என்று பலர் பயந்தார்கள். பெரிய கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. சுகாதார ஆய்வாளர்கள் செய்ததில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தண்ணீரில் பிளீச்சிங் பவுடரைப் போட்டால் வேலை முடிந்துவிடாது. குழாயின் கடைக்கோடியில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழலில் நாலைந்து சொட்டு மருந்து விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் குளோரின் அங்கே போய்ச் சேரவில்லை, திரும்பவும் போடு. இதை அவர்கள் சுனாமியன்று கற்றுக்கொள்ளவில்லை. தேர்த் திருவிழாக்களிலும் கும்பகோணம் மகாமகத்திலும் காலங்காலமாகச் செய்துவந்த வேலை. ஒத்திகை என்று தனியாக விழா எடுக்கத் தேவையில்லை, நம் ஊரில் அதுவாகவே நடக்கிறது.

பக்கத்து மாநிலத்துக்குப் போவோம். 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் காய்ச்சல். மணிப்பால் ஆய்வகத்துக்கு மாதிரி போய், புனேயில் உள்ள தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதிசெய்து, இன்னதென்று பெயர் தெரிவதற்குள், தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு மருத்துவமனையிலேயே தொற்றிவிட்டது. பேராம்பிரா அரசு மருத்துவமனையின் செவிலியர் லினி உட்பட, அரசுக் கணக்கில் 17 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு அதே நிபா. அவர் பிழைத்தார், வேறு யாருக்கும் பரவவில்லை. வைரஸ் ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. சந்தேகம் வந்தவுடன் யாரிடம் சொல்வது, எந்த வார்டில் வைப்பது, தொடர்பில் இருந்தவர்களை எப்படித் தேடுவது என்பதெல்லாம் இந்த முறை முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 2020-இல் கோயம்பேடு. அவ்வளவு நல்ல சுகாதாரத் துறையை வைத்துக்கொண்டும், சந்தையிலிருந்து கடலூர், அரியலூர், விழுப்புரம் என்று தொற்று லாரியேறிப் போனதைத் தடுக்க முடியவில்லை. சந்தையை நடத்துவது ஒரு அமைப்பு, சுகாதாரம் மாநகராட்சி, காவல் இன்னொரு துறை. மூடினால் காய்கறி எங்கே இறங்கும்? திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தது தொற்று ஊர் ஊராகப் போனபிறகுதான். மாற்று இடம் எது, மூடும் முடிவு யாருடையது என்று முன்பே எழுதிவைத்திருந்தால் அந்த வாரம் வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம்.

நம் கிராமச் சுகாதார செவிலியரிடமிருந்து போகும் தகவல் இருக்கிறதே, எத்தனை பேருக்குக் காய்ச்சல், எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு என்று, அதில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஒரு ஊரில் வழக்கமாக நாலைந்து காய்ச்சல் வரும் இடத்தில் திடீரென்று இருபது வந்தால், மேலே ஒருவர் அதைப் பார்த்து அன்றே ஆள் அனுப்ப வேண்டும். தனியார் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டவர் அந்தக் கணக்கில் வருகிறாரா? பல இடங்களில் வருவதில்லை. 1939 சட்டம் சொல்லச் சொல்கிறது, சொல்லாதவர் மீது நடவடிக்கை என்ற பேச்சைத்தான் அதிகம் கேட்க முடிவதில்லை.

சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போது புதுக் கட்டடத்துக்குத்தான் மேஜையைத் தட்டுகிறார்கள். நீங்கள் உங்கள் தொகுதி உறுப்பினரைப் பார்க்கும்போது, நம் வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளர் இடம் எத்தனை காலி என்று கேளுங்கள். மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதனைக்கான ரசாயனம் இருப்பில் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.