முதல் ஜாயிண்ட் நானே போட்டேன் மக்களே! ஃபைபர் அப்ரெண்டிஸ், 4-வது மாசம்

வணக்கம் மக்களே! எல்லாரும் சாப்டீங்களா? நான் இன்னும் சாப்பிடல. அம்மா தோசை ஊத்தவா ஊத்தவான்னு மூணு தடவ கேட்டுட்டாங்க. இத உங்ககிட்ட சொல்லாம எனக்கு தோசை இறங்காது. இங்க பாருங்க இந்த போட்டோவ. வெளிச்சம் அடிக்குதா? இருங்க, கொஞ்சம் சாய்ச்சு காட்டுறேன். இப்ப தெரியுதா? 0.01. ஃபைபர்ங்கிற கண்ணாடி நூலோட ரெண்டு முனைய உருக்கி ஒட்டுற ஸ்ப்ளைசிங் மெஷின் காட்டுன லாஸ், அதாவது ஒட்டின எடத்துல வீணாகுற வெளிச்சம். எவ்ளோ கம்மியோ அவ்ளோ நல்லது. இந்த ஜாயிண்ட்ட போட்டது நான்! எனக்கு வேல சொல்லிக் கொடுக்குற அண்ணன் பக்கத்துல கைய கட்டிக்கிட்டு நின்னாரு, ஒரு விரல் கூட வைக்கல.

ஐ.டி.ஐ. பிராக்டிகல் வீடியோல இருந்து பாக்குறவங்களுக்கு என் கதை தெரியும். புதுசா வந்தவங்களுக்கு சட்டுனு சொல்லிடுறேன். 2 வருஷம் எலக்ட்ரானிக் மெக்கானிக் படிச்சேன். இப்ப எங்க திண்டுக்கல்லயே ஒரு பிராட்பேண்ட் கம்பெனில அப்ரெண்டிஸ். வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுக்குற வேல. நாலாவது மாசம் ஓடுது.

நேத்து நடந்தத சொல்றேன். நாகல் நகர்ல ஒரு வீடு, ரெண்டாவது மாடி. அப்பத்தா ஒருத்தவங்க தனியா இருக்காங்க, மகன் துபாய்ல. நெட் வருது போகுதுன்னு மூணு வாரமா கம்ப்ளைண்ட். நான் ஏணிய தோள்ல போட்டுக்கிட்டு போறேன், "ஏத்தா, நீயா ஏறப் போற?"ன்னு கேட்டாங்க. ஆமா அப்பத்தா, நான்தான்னேன். "விழுந்துறாத தாயி"ன்னு சொல்லிட்டு நான் எறங்குற வரைக்கும் ஏணி கால பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. ஏணிய பிடிக்க அண்ணன் இருக்காரு, இருந்தாலும் அவங்களும் விடல.

மேல ஏறி தெரு பெட்டில, வெளிச்சம் எவ்ளோ வருதுன்னு அளக்குற பவர் மீட்டர் வச்சேன். 1490 நானோமீட்டர்ல வச்சுத்தான் பாக்கணும். வீட்டுக்கு வர்ற சிக்னல் அந்த அலைநீளத்துலதான் வருது, வீட்டுல இருந்து திரும்பிப் போறது 1310. மைனஸ் 19.9 காட்டுச்சு. மைனஸ் நம்பர் பெருசாக பெருசாக வெளிச்சம் கம்மின்னு அர்த்தம். நல்லா இருக்கு. கீழ எறங்கி வீட்டுக்குள்ள மோடத்துக்குப் போற முனையில வச்சா மைனஸ் 27.8. அந்த மோடம் தாங்குறதே மைனஸ் 28 வரைக்கும்தான். பாவம், அது மூச்சு முட்டிக்கிட்டு கெடந்துருக்கு. இந்த அளவுக்குப் பேரு டிபி, ஒவ்வொரு 3 டிபி கொறையுறப்பவும் வெளிச்சம் பாதியாயிடும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவுல 30 மீட்டர் கேபிள்தான் இருக்கும். அதுக்குள்ள கிட்டத்தட்ட 8 டிபி எங்க போச்சு?

மொதல்ல முனைய தொடச்சேன். ஒரு டிபி கூட ஏறல. அப்புறம் தெரு பெட்டில கழட்டச் சொல்லிட்டு சிவப்பு லேசர் அடிச்சேன். உள்ள போட்டிருந்தது வெள்ளை கேபிள், அதனால தப்பிச்சோம். கருப்பு கேபிளா இருந்தா வெளிச்சம் வெளிய தெரியவே தெரியாது. அப்பத்தாகிட்ட சொல்லி ஜன்னல சாத்தி லைட்ட அணைச்சோம். அந்த இருட்டுல ஜன்னல் சட்டத்து மூலையில ஒரு புள்ளி, செக்கச் செவேல்னு ஒளிருது! ஏற்கெனவே வந்து மாட்டிட்டுப் போனவங்க கேபிள மூலையோட ஒட்டி 90 டிகிரி மடக்கி, ஆணி கிளிப்ப நச்சுன்னு அடிச்சிருக்காங்க. கண்ணாடி நூல அப்படி மடக்கினா உள்ள ஓடுற வெளிச்சம் வளைவுல திரும்பாம வெளிய சிந்திடும். நம்ம கண்ணுக்கு முன்னாடி சிந்திக்கிட்டு இருக்கு. நான் புக்குல படிச்சதுதான், ஆனா அந்த சிவப்புப் புள்ளிய நேர்ல பாத்தப்ப எனக்கு புல்லரிச்சிருச்சு. அப்பத்தா கூட "அட, மின்மினிப் பூச்சி மாதிரி இருக்கே"ன்னாங்க.

கிளிப்ப புடுங்கிட்டு கேபிள பெரிய வளைவா விட்டேன். மைனஸ் 21.9. அங்கயே நிறுத்தியிருக்கலாம். ஆனா முனையில இருந்தது ஃபாஸ்ட் கனெக்டர். எனக்கு ஃபாஸ்ட் கனெக்டர் அறவே பிடிக்காது, இத நான் போன வீடியோலயும் சொல்லிட்டேன். உள்ள நூல ஒரு பிடிப்புல சொருகி வைக்கிறதுதான் அது, மெஷின் தேவையில்ல, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், அதனால எல்லாருக்கும் பிடிக்குது. வெயில்ல சுருங்கி விரிஞ்சு, யாராவது ஒரு தடவ இழுத்தாங்கன்னா போச்சு. அண்ணன்கிட்ட கேட்டேன், அத வெட்டிட்டு பிக்டெயில், அதாவது முனையில கனெக்டர் மாட்டியே வர்ற சின்ன ஃபைபர் துண்டு, வச்சு ஜாயிண்ட் அடிச்சிடவான்னு. "நீயே அடி"ன்னுட்டாரு!

கை நடுங்குச்சு மக்களே. மூணு மாசமா ஆபீஸ்ல துண்டு கேபிள்ல நூத்துக்கணக்குல போட்டிருக்கேன். வாடிக்கையாளர் வீட்டுல இதுதான் மொதல்.

ஒட்டின எடத்த மூடி பாதுகாக்குற சின்ன குழாய், ஸ்லீவ், அத மொதல்ல நூல்ல ஏத்திட்டேன். ஏன்னா மொத வாரத்துல ஆபீஸ்ல அருமையா ஒரு ஜாயிண்ட் போட்டுட்டு பாக்குறேன், ஸ்லீவ் மேஜை மேல கெடக்கு. ஒட்டின பிறகு அத ஏத்த முடியாது, திரும்ப வெட்டித்தான் ஆகணும். அன்னைல இருந்து ஸ்லீவ கையில எடுக்காம, நூல உரிக்கிற ஸ்ட்ரிப்பர தொடறதில்ல. மேல்பூச்சோட 250 மைக்ரான் இருக்குற நூல உரிச்சா உள்ள 125 மைக்ரான் கண்ணாடி. மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. வெளிச்சம் ஓடுற நடுப்பகுதி அதுல 9 மைக்ரான்தான். ஸ்பிரிட் நனைச்ச டிஷ்யூவால ஒரே இழுப்பு. நல்லா சுத்தமாச்சுன்னா கீச்சுனு ஒரு சின்ன சத்தம் வரும், அந்தச் சத்தம் எனக்கு அவ்ளோ பிடிக்கும். சில பேரு பனியன் துணியால தொடைக்கிறாங்க. பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வரும். அதுல இருந்து ஒரு தூசி ஒட்டினா அந்த 9 மைக்ரானுக்கு அது பாறாங்கல்லு!

அப்புறம் கிளீவர், நூல் முனைய நேரா வெட்டுற கருவி. ஆங், கிளீவர் பத்தி பேசியே ஆகணும். என் மொத ஸ்டைபண்ட்ல என்ன வாங்கினேன்னு கமெண்ட்ல கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல? இதோ, இதுதான். 1,850 ரூபாய். சித்தி கூட கேட்டாங்க, மொத சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்காம இரும்புத்துண்டு வாங்கிட்டு வந்திருக்கியேன்னு. அம்மாதான் சித்தி, வாங்கச் சொன்னதே! கம்பெனில ரெண்டு டீமுக்கு ஒரே கிளீவர். எனக்கு பழக நேரமே கெடைக்கல. மொதல்ல ஆன்லைன்ல 1,100-க்கு ஒண்ணு வாங்கி ரிட்டர்ன் போட்டேன், அத சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அதுல வெட்டினா முனை உதடு மாதிரி பிதுங்கி வரும், மெஷின்ல வச்சா வெட்டு 3, 4 டிகிரி கோணல்னு காட்டி ஒத்துக்கவே ஒத்துக்காது. இதுல பாருங்க, வட்ட பிளேடு, சுத்தி 1-ல இருந்து 16 வரைக்கும் நம்பர். ஒரு இடம் மழுங்கினா அடுத்த நம்பருக்குத் திருப்பிக்கலாம். நான் இன்னும் 1-லதான் இருக்கேன். நேத்து 0.3 டிகிரில வெட்டுச்சு! 1,850 ரூபாய்க்கு 0.3! அந்த 750 ரூபாய் வித்தியாசத்துக்கு ஒரு வாரம் யோசிச்சேன், டீ கூட குடிக்காம சேத்தேன். இப்ப சொல்றேன், யோசிக்காம வாங்குங்க. வெட்டு சரியா இருந்தா மிச்ச வேலைய மெஷின் பாத்துக்கும், வெட்டு கோணலா இருந்தா லட்ச ரூபாய் மெஷினாலயும் ஒண்ணும் செய்ய முடியாது.

மெஷின்ல ரெண்டு முனையும் பெருசா தெரியும், கிட்ட கிட்ட வரும், ஒரு பொறி, உருகி ஒட்டிடும். 0.01! கடைசில மோடத்துல வச்சுப் பாத்தா மைனஸ் 20.4. வந்தப்ப இருந்ததை விட வெளிச்சம் அஞ்சு மடங்குக்கு மேல. அப்பத்தா உடனே மகனுக்கு வீடியோ கால் போட்டாங்க. "இந்தப் புள்ளதான்டா ரிப்பேரு பண்ணுச்சு"ன்னு போன என் பக்கம் திருப்பினாங்க. எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

அய்யோ, முக்கியமானத விட்டுட்டேன். வெட்டின துண்டு! அந்த கண்ணாடித் துண்ட கீழ போடவே கூடாது. நான் மூடி போட்ட சின்ன டப்பா வச்சிருக்கேன், ஒவ்வொண்ணா டேப்ல ஒட்டி அதுல போடுவேன். அப்பத்தா வெறுங்கால்ல நடக்குற வீடு அது. ரெண்டாவது மாசம் என் விரல்ல ஒண்ணு ஏறி, கண்ணுக்குத் தெரியாம ரெண்டு நாள் குத்திக்கிட்டே இருந்துச்சு. அதே மாதிரி சிக்னல் ஓடிக்கிட்டு இருக்குற நூல் முனைய கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்காதீங்க. அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள போகும்.

எங்க அப்பா 90-கள்ல கேபிள் டி.வி. வேல பாத்தவரு, தெரியும்ல. அப்ப கோஆக்ஸ் வயர், உள்ள உலோகக் கம்பி. பிளேடு இல்லன்னா பல்லால கடிச்சே உரிப்பாராம். நடுவுல நடுவுல ஆம்ப்ளிஃபயர், அதுக்கு கரண்ட் வேணும், இடி இடிச்சா அது போயிடும், ராத்திரி மழையில ஏறணும். இப்ப தெருவுல தொங்குற ஸ்ப்ளிட்டருக்கு கரண்டே வேண்டாம். ஒரு நூல்ல வர்ற வெளிச்சத்த எட்டா பிரிச்சு எட்டு வீட்டுக்கு விடும், அவ்ளோதான். நேத்து ராத்திரி அப்பா அந்த போட்டோவ கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் கேபிளுக்குள்ள இருக்குற நூல்களோட கலர் வரிசை சொல்லச் சொன்னாரு. நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், அக்வா. ஒரே மூச்சுல சொன்னேன். இந்த 12-ம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும். மாத்தி ஒட்டிட்டா இந்தத் தெரு நெட் பக்கத்துத் தெருவுக்குப் போயிடும்.

சேரணும்னு கேட்ட தம்பி தங்கச்சிகளுக்கு ஒண்ணு. "ட்ரெய்னியா வா, ஆறு மாசம் கழிச்சு பாக்கலாம்"னு வாய்ல சொல்றத நம்பாதீங்க. நான் மொதல்ல போன எடத்துல அப்படித்தான் சொன்னாங்க, நாலு மாசம் பஸ் காசு கூட தரல. அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல்ல உங்க பேர்ல கான்ட்ராக்ட் ஏறியிருக்கான்னு நீங்களே லாகின் பண்ணிப் பாருங்க. அது 1961 அப்ரெண்டிஸ் சட்டத்துக்குக் கீழ வர்ற ஒப்பந்தம், ஸ்டைபண்ட் அதுலயே எழுதியிருக்கும். எனக்கு 8,050. நாப்ஸ், அதாவது தேசிய அப்ரெண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டத்துல அரசாங்கம் ஸ்டைபண்ட்ல கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், நேரா நம்ம அக்கவுண்ட்டுக்கே போடும். என் அக்கவுண்ட்ல ஆதார் இணைக்காம இருந்ததால எனக்கு மொத ரெண்டு மாசம் அந்தப் பங்கு வரல. சேர்றதுக்கு முன்னாடியே பேங்க்ல போய் இணைச்சிடுங்க.

அப்புறம் பொண்ணுங்க கேட்டிருந்தீங்க, என்ன போட்டுக்கிட்டு போறன்னு. பேண்ட், முழுக்கை சட்டை, ஹெல்மெட், பெல்ட். துப்பட்டா வேண்டவே வேண்டாம், ஏணில மாட்டும். ஈ.பி. கம்பத்துல மேல ஓடுற லைனுக்கும் நமக்கும் எடைவெளி இல்லன்னா ஏறாதீங்க. யாரு அவசரப்படுத்தினாலும் சரி. "முடியாது"ன்னு நான் ஒரு தடவ கீழ நின்னுக்கிட்டே சொன்னேன், அண்ணன் என் பக்கம்தான் நின்னாரு.

ம்ம், அம்மா நாலாவது தடவ கூப்பிட்டுட்டாங்க. தோசை வாசம் வேற வருது. நாளைக்கு பழனி ரோட்டுல 24 கோர், அதாவது 24 நூல் இருக்குற கேபிள் ஜாயிண்ட், காலைல ஆறு மணிக்கே அண்ணன் வரச் சொல்லியிருக்காரு. 24-ல எனக்கு எத்தன தர்றாருன்னு தெரியல, 12-ஆவது கேட்டு வாங்கிடுவேன். கிளீவர இப்பவே பையில எடுத்து வச்சுட்டேன், பாருங்க. வர்றேன் மக்களே!