வாடகை மட்டும் குறையாத ஊர்: புல்மன் தொழிலாளர் வரலாறு

அவைத் தலைவர் அவர்களுக்கும், வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் நண்பர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

அமெரிக்கா தொழில்மயமானபோது அங்கே உழைக்கும் மக்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்று பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். எஃகு ஆலை, நிலக்கரிச் சுரங்கம், பஞ்சாலை, இறைச்சிக்கூடம் என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் சொல்லி முடிக்க முயன்றால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு நிறுவனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதலாளி நல்லவராக இருந்து, வீடும் தண்ணீரும் பள்ளிக்கூடமும் கொடுத்துவிட்டால் சங்கம் எதற்கு என்று இன்றும் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்கு விடை அதன் வரலாற்றில் இருக்கிறது.

ஜார்ஜ் புல்மன் என்பவர் ரயில்களுக்கான படுக்கைப் பெட்டிகளைக் கட்டிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அவர் 1880-இல் சிகாகோவுக்குத் தெற்கே, கலுமெட் ஏரிக்கரையில், தன் பட்டறைகளையும் அவற்றில் வேலை செய்வோருக்கென ஓர் ஊரையும் சேர்த்தே கட்டத் தொடங்கினார். செங்கல் வீடுகள், குழாய்த் தண்ணீர், எரிவாயு விளக்கு, பூங்கா, அங்காடி, நாடக அரங்கு, நூலகம் எல்லாம் அங்கே இருந்தன. சிகாகோவின் நெரிசலான குடிசைப் பகுதிகளில் சாக்கடையோரம் வாழ்ந்த ஒரு குடும்பத்துக்கு இவை எவ்வளவு பெரிய வசதிகள் என்பதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த ஊரில் எந்தத் தொழிலாளியும் வீட்டை விலைக்கு வாங்க முடியாது. நிறுவனம் விரும்பினால் பத்து நாள் அவகாசத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம். நூலகத்துக்குச் சந்தா உண்டு. மாதா கோயிலுக்குக்கூட வாடகை கேட்டார்கள். எந்தச் சபையாலும் அதைக் கொடுக்க முடியாததால், ஊரின் நடுவே அழகாக எழுப்பிய அந்தக் கோயில் நெடுநாள் சும்மா கிடந்தது. ஊரும் முதலீட்டுக்கு ஆறு சதவீத வருமானம் தர வேண்டும் என்பதே புல்மன் வகுத்த கணக்கு.

1893-இல் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. வங்கிகள் முறிந்தன, ரயில் நிறுவனங்கள் திவாலாயின, புதிய பெட்டிகளுக்கான ஆர்டர்கள் நின்றன. நிறுவனம் ஆட்குறைப்புச் செய்தது. எஞ்சியவர்களின் கூலியைச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைத்தது. வாடகையை மட்டும் ஒரு காசும் குறைக்கவில்லை. பட்டறைக் கணக்கு வேறு, வீட்டுக் கணக்கு வேறு என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. கூலி தருபவரும் வாடகை வாங்குபவரும் ஒருவரே என்பதால் வாடகை பாக்கி கூலியிலிருந்தே வசூலானது. ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் கார்வர்டைன் ஒரு தொழிலாளியைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார்: வாடகை போக அவர் கைக்கு வந்த காசோலையின் மதிப்பு இரண்டு சென்ட். அவர் அதை மாற்றவேயில்லை. கண்ணாடிச் சட்டகத்தில் மாட்டி வைத்துக்கொண்டார்.

ஜென்னி கர்ட்டிஸ் என்ற தையல் தொழிலாளியின் கதை இதைவிடக் கசப்பானது. அவருடைய தந்தை பதின்மூன்று ஆண்டுகள் புல்மனில் உழைத்து, 1893-இல் இறந்தார். சாகும்போது அறுபது டாலர் வாடகை பாக்கி இருந்தது. அந்தப் பாக்கியை மகளின் கூலியிலிருந்து தவணை தவணையாகத் தீர்க்கும்படி நிறுவனம் வற்புறுத்தியது. இதே காலத்தில் பங்குதாரர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1893 ஜூலையில் முடிந்த ஆண்டில் கூலிக்காக 72 லட்சம் டாலர் செலவிட்ட நிறுவனம், அடுத்த ஆண்டில் ஏறத்தாழ 45 லட்சமே செலவிட்டது. லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்த ஈவுத்தொகையோ 25 லட்சத்திலிருந்து 28 லட்சத்துக்கும் மேல் ஏறியது. நெருக்கடி எல்லோருக்கும் பொது என்று சொல்லப்பட்ட ஆண்டு அது.

1894 மே மாதத்தில் தொழிலாளர்கள் குழுவாகச் சென்று முறையிட்டார்கள். முறையிட வந்தவர்கள் பழிவாங்கப்பட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்த பின்பும், அந்தக் குழுவில் மூவர் வேலையிழந்தார்கள். மே 11 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கத்தின் மாநாடு அடுத்த மாதம் சிகாகோவில் கூடியபோது, ஜென்னி கர்ட்டிஸ் அங்கே சென்று தங்கள் நிலையைச் சொன்னார். நடுவர் முன் பேசித் தீர்க்கலாம் என்ற கோரிக்கையை, பேசுவதற்கு எதுவும் இல்லை என்று நிறுவனம் தள்ளியது. ஜூன் 26 முதல் புல்மன் பெட்டி இணைந்த எந்த ரயிலையும் தொடமாட்டோம் என்று சங்கம் அறிவிக்க, சில நாள்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட ரயில்வே தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறி, சிகாகோவுக்கு மேற்கே போக்குவரத்து ஸ்தம்பித்தது.

அதை முறியடித்தது அரசாங்கம். பல்லாண்டு காலம் ரயில் நிறுவனங்களுக்கு வழக்கறிஞராக இருந்த ரிச்சர்ட் ஓல்னி அப்போது அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல். அஞ்சல் தடைபடுகிறது என்ற காரணம் காட்டியும், பெருநிறுவனங்களின் ஏகபோகத்தைக் கட்டுப்படுத்த 1890-இல் இயற்றிய சட்டத்தையே தொழிலாளர் மீது திருப்பியும், வேலைநிறுத்தத்துக்கு எதிராக நீதிமன்றத் தடையாணை பெற்றார்கள். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநர் ஆல்ட்கெல்டின் எதிர்ப்பை மீறி அதிபர் கிளீவ்லாண்ட் ராணுவத்தை அனுப்பினார். பலர் சுடப்பட்டு இறந்தார்கள், டெப்ஸ் ஆறு மாதம் சிறை சென்றார், சங்கம் உருக்குலைந்தது. தோற்றவர்கள் திரும்ப வேலைக்குச் சேர, சங்கத்தில் இனிச் சேரமாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனால் தோல்விக்குச் சங்கத்தின் உள்ளேயும் ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் போனால் நான் வரலாற்றுக்கு நேர்மையாக இருக்கமாட்டேன். அதே ஜூன் மாநாட்டில் கறுப்பினத் தொழிலாளர்களை உறுப்பினராக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சேர்க்க வேண்டும் என்று டெப்ஸ் வாதாடினார். 112-க்கு 100 என்ற வாக்கில் பிரதிநிதிகள் மறுத்தார்கள். புல்மன் பெட்டிகளுக்குள் இரவும் பகலும் பணி செய்த ‘போர்ட்டர்’கள் அனைவரும் கறுப்பினத்தவர். போராட்டம் எந்தப் பெட்டிகளைச் சுற்றி நடந்ததோ, அவற்றுக்குள் உழைத்தவர்களுக்கே சங்கத்தின் கதவு மூடியிருந்தது. பன்னிரண்டு வாக்கு வித்தியாசம் எவ்வளவு பெரிய விலையைக் கேட்டது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

ஊரின் கதை விரைவில் முடிந்தது. தொழிற்சாலை நடத்த அனுமதி பெற்ற நிறுவனம் ஊரை உடைமையாக வைத்திருக்கக் கூடாது என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1898-இல் தீர்ப்பளித்தது. போர்ட்டர்களின் கதை அதற்குப் பிறகும் நீண்டது. படுக்கை விரிப்பது, பெட்டி தூக்குவது, பயணிகளின் காலணிக்குப் பாலிஷ் போடுவது என்று மாதத்துக்கு ஏறக்குறைய 400 மணி நேரம் அவர்கள் உழைத்தார்கள். பாலிஷ் டப்பாவைத் தங்கள் காசில் வாங்க வேண்டும். ரயில் கிளம்புமுன் பெட்டியைத் தயார்செய்யும் நேரத்துக்குக் கூலி கிடையாது. சம்பளம் போதாததால் பயணிகள் தரும் ‘டிப்ஸ்’ பணத்தை நம்பியே குடும்பம் நடந்தது. பெயர் கேட்காமல், முதலாளியின் பெயராலேயே எல்லோரையும் ‘ஜார்ஜ்’ என்று கூப்பிட்டார்கள். அடிமை உடையவரின் பெயரால் அழைக்கப்பட்ட காலத்தின் எச்சம் அது.

1925-இல் அவர்கள் நியூயார்க்கின் ஹார்லெமில் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கியபோது, ஃபிலிப் ராண்டால்ஃபைத் தலைவராக்கினார்கள். அவர் போர்ட்டர் அல்லர், பத்திரிகையாளர். ஆகவே நிறுவனத்தால் அவரை வேலைநீக்கம் செய்ய முடியாது. உளவாளிகள், நிறுவனமே நடத்திய கைப்பாவைச் சங்கம், வேலைநீக்கம் ஆகிய எல்லாவற்றையும் தாண்டி, போர்ட்டர்களின் பிரதிநிதி யார் என்று முடிவுசெய்ய 1935-இல் நடந்த தேர்தலில் சங்கம் வென்றது. 1937 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மாத வேலை நேரம் 240 மணியாகக் குறைந்தது, ஊதியம் உயர்ந்தது, குறைகளை முறையிட வழி பிறந்தது. ஜென்னி கர்ட்டிஸின் தலைமுறை கேட்டதும் பேச்சுவார்த்தை மேசையில் ஓர் இருக்கைதான். அது கிடைக்க நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

அந்தச் சங்கத்தில் பயின்றவர்கள் ரயில்பெட்டியோடு நின்றுவிடவில்லை. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமெரி நகரில் சங்கக் கிளைத் தலைவராக இருந்த போர்ட்டர் ஈ. டி. நிக்சன், பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் 1955 டிசம்பரில் கைதானபோது பிணையில் எடுக்க ஓடிச்சென்றவர். பேருந்துப் புறக்கணிப்பை ஒழுங்குசெய்ய முன்நின்றவரும் அவர்தான். கூட்டம் கூட்டுவதும், நிதி திரட்டுவதும், மிரட்டலுக்கு நடுவே ஆள்களை ஒன்றாக வைத்திருப்பதும் அவருக்குச் சங்கத்திலேயே பழகியிருந்தன. 1963-இல் கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்ட பேரணிக்குத் தலைமை தாங்கிய ராண்டால்ஃப், அப்போதும் அதே போர்ட்டர் சங்கத்தின் தலைவராகவே இருந்தார்.