போர்க்காலத்தில் சித்திரவதை: சட்டம் என்ன சொல்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

2019 பிப்ரவரியில் விமானப்படை அதிகாரி அபிநந்தன் பாகிஸ்தானில் பிடிபட்டபோது வெளியான வீடியோவை மறந்திருக்க மாட்டீர்கள். நம்ம சென்னைக்காரர். என்ன விமானம் ஓட்டினீர்கள் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்லக் கூடாது என்கிறார். அவருடைய துணிச்சலை எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பதிலுக்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தம், 17-ஆவது பிரிவின்படி, போர்க் கைதி சொல்ல வேண்டியது பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண், அவ்வளவுதான். அதற்கு மேல் தகவல் கறக்க அடிப்பது மட்டுமல்ல, மிரட்டுவதும் திட்டி அவமதிப்பதும்கூடக் கூடாது.

சரி, இது அயல்நாட்டுச் சிப்பாய்க்கு. சொந்த அரசாங்கமே பிடித்து வைத்திருக்கும் ஆளுக்கு?

நெருக்கடி நிலைக் காலத்தில், சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அப்போதிருந்த மத்திய சிறையில், விசாரணையில்லாமல் சிறையில் வைக்க இடம் கொடுத்த மிசா சட்டத்தில் பிடிபட்டவர்களை அடித்து நொறுக்கினார்கள். அந்த அத்துமீறல்களை நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிற்பாடு விசாரித்தது. நெருக்கடி நிலையின்போதே டெல்லியில் உச்ச நீதிமன்றத்திலோ, இப்படி அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடலாமா என்ற வழக்கில் வேறொரு வாதம் நடந்தது. போலீஸ்காரர் ஒருவர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி எச்.ஆர். கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. 1976-இல் வந்த தீர்ப்பில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா மட்டும் மறுத்து எழுதினார்.

அந்தச் சூடு பட்ட பிறகுதான் 1978-இல் 44-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. போரே மூண்டாலும், 20, 21 ஆகிய இரண்டு பிரிவுகளைக் குடியரசுத் தலைவரால்கூட நிறுத்தி வைக்க முடியாது. ஒருவரை அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது முதலாவதில் இருக்கிறது. உயிரும் உடலும் இரண்டாவதன் பாதுகாப்பில்.

‘குண்டு வெடிக்கப் போகிறது, ஒருத்தனை அடித்தால் நூறு பேர் பிழைப்பார்கள்’ என்று டீக்கடையிலும் கேட்கிறோம், டிவியிலும் கேட்கிறோம். 1984-ஆம் ஆண்டின் ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை இதை யோசித்தே எழுதப்பட்டது: போர், போர் அபாயம், உள்நாட்டுக் குழப்பம் எதுவும் சாக்காகாது, மேலதிகாரியின் உத்தரவும் சாக்காகாது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் 1999-இல் இத்தகைய விசாரணை முறைகளுக்கு அதிகாரம் இல்லை என்றது. ஆனால் தனி அதிகாரி பிற்பாடு ‘வேறு வழியில்லாமல் செய்தேன்’ என்று வாதாடலாம் என ஒரு சந்து வழியையும் விட்டுவைத்தது. என் கருத்தில் அந்தச் சந்துதான் ஆபத்து.

இந்தியா அந்த உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டது. அதை உறுதிப்படுத்தும் வேலை மட்டும் இன்னும் நடக்கவில்லை. 2010-இல் மக்களவையில் நிறைவேறிய சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. அப்புறம் நம்மிடம் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறது. கடுமையான மீறல்களுக்கு அதில் தண்டனை உண்டு. ஆனால் அதன் 17-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள்: அரசோ, அரசு குறிப்பிடும் அதிகாரியோ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். அடிபட்டவர் நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது.